யாருக்காக நிற்கிறது கப்பல்? நார்வே கரையோரக் கடற்பயணம் பற்றிய வாதங்கள்

வேனிற்காலம் வந்துவிட்டால் நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரின் எதிரே, சில ஆயிரம் பேரைச் சுமந்த கப்பல் வந்து நிற்கும். செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்ளே செல்லும் கெய்ராங்கர் ஃபியோர்டின் முனையிலும், ஃப்ளோம் கிராமத்தின் துறையிலும் இது அன்றாட நிகழ்வு. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர்களில் பலர் தம்பதியர். பணி ஓய்வு பெற்றவர்கள், திருமண நாளைக் கொண்டாட வந்தவர்கள், பல ஆண்டுகள் சேமித்து ஒருமுறை மட்டும் வருபவர்கள். அவர்கள் நாடி வருவது அருவியையும் பனிமுகட்டையும் அமைதியையும்தான்.

இப்படிக் கரையைக் காண வரும் கப்பலால் அந்தக் கரைக்கு நன்மையா, கேடா? இந்தக் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஓவியர்கள், கப்பல் முதலாளிகள், மாலுமிகள், பொருளியலாளர்கள், சூழலியலாளர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என ஒவ்வொரு தரப்பும் தத்தம் அளவுகோலால் அளந்திருக்கிறது. முதன்மையான நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

காட்சியாக மாறிய கரை

முதல் நிலைப்பாடு அழகியல் சார்ந்தது. இயற்கையின் பேரழகு எல்லோருக்கும் பொது, அதைக் காண வழி செய்வதே போதுமான நன்மை என்பது அதன் சாரம். இதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் ஓவியத்தில் இருக்கிறது. அடோல்ஃப் டீடெமான்டும் ஹான்ஸ் கூடேவும் 1848இல் சேர்ந்து வரைந்த 'ஹார்டாங்கரில் மணமக்கள் ஊர்வலம்' என்ற ஓவியம் நார்வேயின் தேசிய அடையாளங்களில் ஒன்றானது. மரத்தாலான பழைய தேவாலயம் பின்னே நிற்க, மணமக்களை ஏற்றிய படகு அமைதியான நீர்ப்பரப்பில் வருகிறது. மேலே பனிமலை. ஃபியோர்டில் மிதக்கும் ஒரு தம்பதி என்ற படிமம் அநேகமாக இங்கிருந்துதான் பரவலாகியிருக்க வேண்டும்.

வணிகம் இந்தப் படிமத்தை விரைவிலேயே எடுத்துக்கொண்டது. ஷெட்லாந்தில் பிறந்து பின்னாளில் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஆர்தர் ஆண்டர்சன், 1835இலேயே வட அட்லாண்டிக் தீவுகளைச் சுற்றிவரும் இன்பப் பயணத்துக்கு விளம்பரம் வெளியிட்டார். அப்படியொரு கப்பல் அப்போது கிடையாது, விளம்பரம் வெறும் கற்பனை. தாமஸ் குக் நிறுவனம் 1875இல் நள்ளிரவுச் சூரியனைக் காட்டப் பயணிகளை நோர்ட்காப் எனப்படும் வடக்கு நிலமுனைக்கு அழைத்துச் சென்றது. 1886இல் ஸ்காட்லாந்திலிருந்து 'செயின்ட் ரோக்ன்வால்டு' என்ற கப்பல் ஃபியோர்டுகளுக்குச் சுற்றுலாப் பயணம் நடத்தியது. அதற்குக் கிடைத்த வரவேற்பால், அடுத்த ஆண்டே சுற்றுலாவுக்கென்று 'செயின்ட் சன்னிவா' கட்டப்பட்டது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1889 முதல் 1914 வரை ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் தம் உல்லாசக் கப்பலில் இக்கரைக்கு வந்தார். அவர் பின்னே ஜெர்மானிய மேல்தட்டும் வந்தது.

இந்த நிலைப்பாட்டை வெறும் கண்ணின்பம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. 1904 ஜனவரி 23 அன்று ஓலெசுண்ட் நகரம் தீயில் எரிந்து சுமார் 10,000 பேர் வீடிழந்தபோது, உணவும் மருந்தும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிய கப்பல்களை உடனே அனுப்பியவர் அதே வில்ஹெல்ம்தான். சுற்றுலாவால் பிறந்த பற்று ஒரு நகரம் மீண்டெழ உதவியது.

இதன் குறைபாடு வேறிடத்தில் இருக்கிறது. காட்சி, வாழ்வை மறைத்துவிடுகிறது. கெய்ராங்கர் ஃபியோர்டின் பாறை விளிம்புகளில் ஸ்காகெஃப்ளோ, க்னிவ்ஸ்ஃப்ளோ போன்ற பண்ணை வீடுகள் தொங்குவதுபோல் நிற்கின்றன. தளத்திலிருந்து பார்ப்பவருக்கு அவை கதைப்புத்தகப் படங்கள். அங்கே வாழ்ந்தவர்களுக்கோ பாறை சரியும் அச்சம் தினசரி வாழ்க்கை. க்னிவ்ஸ்ஃப்ளோவை மக்கள் 1898இல் விட்டு வெளியேறியது அந்த அச்சத்தால்தான். 1975இல் தொடங்கப்பட்ட 'ஸ்டூர்ஃபியோர்டு நண்பர்கள்' என்ற அமைப்பு இத்தகைய வீடுகளைப் பழுதுபார்த்துக் காத்துவருகிறது. நார்வே மன்னர் ஹரால்டும் அரசி சோன்யாவும் 1993இல் தங்கள் திருமண வெள்ளிவிழாவுக்கு விருந்தினரை அழைத்தது ஸ்காகெஃப்ளோவுக்குத்தான். செங்குத்தான பாதையில் ஏறிச்சென்று அந்த வீட்டு வாசலில் நின்றவருக்குக் கிடைக்கும் அறிவு, கீழே கப்பலில் கடந்து செல்பவருக்குக் கிடைப்பதில்லை. அழகியல் நிலைப்பாடு இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வேலைக்குப் போகும் கப்பல்

இரண்டாவது நிலைப்பாடு சுற்றுலாவிலிருந்து பிறந்ததல்ல. தபாலிலிருந்து பிறந்தது. 1890களின் தொடக்கத்தில் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரமும், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரையும் ஆனதாகச் சொல்லப்படுகிறது. சூரியனே எழாத மாதங்களில், பாறைகளும் திட்டுகளும் நிறைந்த இக்கரையில் இரவில் கப்பல் ஓட்டவே முடியாது என்று பெரிய நிறுவனங்கள் மறுத்துவிட்டன. ஸ்டொக்மார்க்னெஸ் ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் முடியும் என்றார். திசைகாட்டியின் கோணம், வேகம், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆகும் நேரம் ஆகியவற்றை அவரும் அவருடைய வழிகாட்டி மாலுமியும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்திருந்தார்கள். 1893 ஜூலை 2 அன்று 'வெஸ்டரோலன்' நீராவிக் கப்பல் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து வடக்கே புறப்பட்டது. 'ஹுர்டிக்ரூட்டன்' என்று அழைக்கப்படும் கரையோர விரைவுச் சேவையின் தொடக்கம் அது.

1898இல் சேவை தெற்கே பெர்கன் வரை நீண்டது. பின்னர் வடகிழக்கே ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ் வரை சென்றது. இன்று 34 துறைகளைத் தொட்டு, போய்த் திரும்ப 12 நாள் ஆகும் பயணம் இது. கடிதம், மீன், மாவு, நோயாளி, மணப்பெண், சவப்பெட்டி எல்லாமே இதில் போனவை. சுற்றுலாப் பயணிக்கும் இடம் உண்டு, ஆனால் கப்பல் அவருக்காக நிற்பதில்லை. பல துறைகளில் கால் மணி நேரமோ அரை மணி நேரமோதான் நிறுத்தம், அதுவும் நள்ளிரவில்.

இந்த மாதிரியை ஆதரிப்போரின் வாதம் வலுவானது. கரைக்கு ஏற்கெனவே தேவையான ஒரு கப்பலில் பயணி ஏறுகிறார். அவர் தரும் கட்டணம் அந்தச் சேவையைத் தாங்குகிறது. அவரால் புதிதாக ஒரு கப்பலும் வந்துவிடவில்லை. சுற்றுலாவையும் கரையின் வாழ்வையும் ஒரே கலத்தில் ஏற்ற இதைவிட நேர்மையான வழி கண்டுபிடிக்கப்படவில்லை என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்தும்கூட.

ஆனாலும் அந்த வாதம் நிற்கும் தரை மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. 1968 முதல் சிற்றூர்களில் குறுகிய ஓடுபாதை விமான நிலையங்கள் வந்தன. சாலைகளும் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் பெருகின. தபால் கப்பலை விட்டுப் போயிற்று. உள்ளூர்ப் பயணி குறைந்து, வெளிநாட்டுத் தம்பதியர் கூடினார்கள். 2021 முதல் இச்சேவை இரு நிறுவனங்களுக்கிடையே பிரிக்கப்பட்டது. சேவையின் பெயரையே கொண்ட ஹுர்டிக்ரூட்டன் நிறுவனம் ஏழு கப்பல்களையும் ஹவிலா நான்கு கப்பல்களையும் ஓட்ட வேண்டும் என்று அரசு ஒப்பந்தம் செய்தது. துறைக்குத் துறை பயணிக்கும் உள்ளூர் மக்களுக்கு இடம் ஒதுக்குவது ஒப்பந்தக் கடமை. நிறுவனத்தின் வருவாயோ முழுச் சுற்றுப் பயணம் வாங்குபவரைச் சார்ந்திருக்கிறது. பொதுச் சேவைக்குத் தரப்படும் பணம் நாளடைவில் சுற்றுலாவுக்கான மானியமாக மாறிவிடுகிறதோ என்ற ஐயம் நார்வேயில் பலமுறை எழுந்திருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இருவர் என்ற அலகு, ஊரின் பை

மூன்றாவது நிலைப்பாடு பணத்தைப் பற்றியது. குரூஸ் தொழிலின் கணக்கியலே தம்பதியரை மையமாக வைத்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கேபினுக்கு இருவர் என்று வைத்தே கப்பலின் கொள்ளளவு கணக்கிடப்படுகிறது. மூன்றாவது படுக்கையில் குழந்தை ஏறினால் நிரம்பல் விகிதம் 100 விழுக்காட்டைத் தாண்டும். விளம்பரத்தில் காணும் விலை 'இருவர் பகிரும்போது ஒருவருக்கு' உரியது. தனியே வருபவர் பெரும்பாலும் கூடுதல் தொகை தர வேண்டும். தங்குமிடம், மூன்று வேளை உணவு, இசை நிகழ்ச்சி எல்லாமே அந்த விலைக்குள் அடக்கம்.

அப்படியானால் ஊருக்கு மிஞ்சுவது என்ன? துறைமுகக் கட்டணம், பேருந்து வாடகை, வழிகாட்டிகளின் ஊதியம், கம்பளிச் சட்டைக் கடை, ஃப்ளோம் மலை ரயிலின் பயணச்சீட்டு என்று ஆதரவாளர்கள் பட்டியலிடுகிறார்கள். 1940இல் திறக்கப்பட்ட அந்த 20 கிலோமீட்டர் ரயில்பாதை சரக்குக்காகவும் உள்ளூர் மக்களுக்காகவும் போடப்பட்டது. இன்று அது செழிப்பது சுற்றுலாவால்தான் என்பதும் உண்மை.

எதிர்த்தரப்பின் கை இங்கே சற்று ஓங்கியிருக்கிறது. பெர்கனைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்வெய்ன் லார்சனும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, குரூஸ் பயணிகள் மற்றச் சுற்றுலாப் பயணிகளைவிடக் கரையில் குறைவாகவே செலவிடுகிறார்கள் என்று காட்டியது. காரணம் எளிது. மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும், இரவு உணவு அங்கே காத்திருக்கும். ஓட்டல்காரருக்கும் உணவகக்காரருக்கும் கிடைக்க வேண்டிய இரவு, கப்பலோடு போய்விடுகிறது.

ஒருமுறை கப்பலில் வந்தவர் மறுமுறை காரில் வந்து வாரக்கணக்கில் தங்குவார் என்று தொழில்துறை பதில் சொல்கிறது. சிலர் அப்படி வரவே செய்கிறார்கள். எத்தனை பேர், கப்பலில் வந்ததால்தான் வந்தார்களா என்பதைப் பிரித்தறிவது மிகக் கடினம். இந்தப் பதிலை நம்பி ஒரு கிராமம் தன் துறைமுகத்தை விரிவாக்குவது துணிச்சலான செயல் என்றே சொல்ல வேண்டும்.

புகையின் கணக்கு

2005இல் கெய்ராங்கர் ஃபியோர்டும் நேரோய் ஃபியோர்டும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பின் வாதத்தின் முகம் மாறியது. நேரோய் ஃபியோர்டின் குறுகலான இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். இருபுறமும் மலைச்சுவர். காற்றில்லாத நாளில் கப்பலின் புகை மேலே போக வழியின்றி நீலத் திரையாகத் தேங்கிவிடும். எந்தக் காட்சியைக் காண வருகிறார்களோ அந்தக் காட்சியையே வந்தவர்களின் புகை மூடியது. 2017இல் நார்வே கடல்சார் ஆணையம் இந்த ஃபியோர்டுகளின் காற்று மாசு குறித்த அறிக்கையை அளித்தது. 2018இல் நாடாளுமன்றம் உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 2026க்குள் கப்பல்கள் உமிழ்வே இல்லாமல் இயங்க வேண்டும் என்று தீர்மானித்தது.

சிறிய கலங்களுக்கு இது எட்டாத கனவாக இருக்கவில்லை. 2015இலேயே 'ஆம்பெர்' என்ற மின்கலப் படகு சோக்னே ஃபியோர்டின் குறுக்கே கார்களை ஏற்றிச்செல்லத் தொடங்கியிருந்தது. 2018இல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் சுற்றுலாப் படகு ஒன்று ஃப்ளோமுக்கும் குட்வாங்கனுக்கும் இடையே வந்தது. ஹவிலாவின் கரையோரக் கப்பல்கள் பெரும் மின்கலத் தொகுதியைச் சுமந்து, ஏறத்தாழ நான்கு மணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு ஓசையின்றிச் செல்லக்கூடியவை.

ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கும் மிதக்கும் நகரங்களுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. அதனால் விதி இரண்டாகப் பிரிந்தது. 10,000 டன் மொத்தக் கொள்ளளவுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்களுக்கு 2026 ஜனவரி 1, அதைவிடப் பெரியவற்றுக்கு 2032 என்று கெடு குறிக்கப்பட்டது. அதிகம் உமிழும் கப்பலுக்கு அதிக அவகாசம் என்பது சூழலியலாளர்களின் மனக்குறை. தொழில்நுட்பம் முதிர நேரம் வேண்டும் என்பது அரசின் தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. விதி பட்டியலிட்ட ஃபியோர்டுகளில் மட்டும் செல்லும். அங்கே தடுக்கப்பட்ட கப்பல் நோர்ட்ஃபியோர்டின் ஓல்டனுக்கோ வேறு துறைக்கோ திரும்பினால், புகை இடம் மாறியதே தவிரக் குறைந்துவிடவில்லை. துறைமுகத்தில் கரையிலிருந்து மின்சாரம் வாங்கும் ஏற்பாடு பெர்கன் போன்ற நகரங்களுக்கு உண்மையான நிம்மதி தந்திருக்கிறது. நடுக்கடலில் அது உதவாது. திரவ இயற்கை எரிவாயு கந்தகத்தையும் கரியையும் வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பலமடங்கு வல்லது. ஒரே தூரத்தை விமானத்தில் கடந்து ஓட்டலில் தங்குபவரைவிடக் குரூஸ் பயணியின் கார்பன் அளவு பெரும்பாலும் கூடுதல் என்றே சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறது. துறைமுகத்துக்கு வந்துசேரவே விமானத்தில் பறக்கும் தம்பதியருக்கு இரண்டும் கூடும்.

எத்தனை பேர்

அடுத்த வாதம் எண்ணிக்கையைப் பற்றியது. பெர்கன் நகரம் ஒரு நாளைக்கு 8,000 குரூஸ் பயணிகளுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தது. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200க்கு மேல் பயணிகளைச் சுமந்த கப்பல் நுழைய முடியாது. அங்கே கரையிறங்க 43 இடங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளன. பாதுகாப்பும் இந்த வாதத்தில் அடங்கும். 2019 மார்ச் 23 அன்று ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் புயலுக்கிடையே எஞ்சின்கள் நின்றுபோன 'வைகிங் ஸ்கை' கப்பலில் 1,373 பேர் இருந்தனர். ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கியெடுத்தது 479 பேரை. மீதிப்பேர் கப்பலோடு மறுநாள் கரை சேர்ந்தது நற்பேறு. அதைவிடப் பலமடங்கு பெரிய கப்பல் அங்கே செயலிழந்தால் இந்தக் கரையின் மீட்புப் படை என்ன செய்யும் என்ற கேள்வி அன்றிலிருந்து அடங்கவில்லை.

வரம்புகள் தெளிவானவை, அமலாக்க எளியவை. அவற்றின் பலவீனம், தலைகளை மட்டும் எண்ணுவது. நான்கு மணி நேரம் நிற்கும் 3,000 பேரும் இரண்டு இரவு தங்கும் 3,000 பேரும் அந்தக் கணக்கில் ஒன்றே.

கரையில் நிற்பவரின் கண்

மேற்கண்ட வாதங்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்து கரையை நோக்கியவை. எதிர்த்திசைப் பார்வை குறைவாகவே பதிவாகியிருக்கிறது. 2011 ஜூனில் நார்வே தேசியத் தொலைக்காட்சி 'நூர்நோர்கே' கப்பலின் பயணத்தை பெர்கன் முதல் கிர்கெனஸ் வரை 134 மணி நேரம் இடைவிடாமல் நேரலையாக ஒளிபரப்பியது. நாட்டின் பெரும்பகுதி அதைப் பார்த்தது. கரையோர மக்கள் கொடிகளோடும் படகுகளோடும் வந்து கையசைத்தார்கள். அந்தக் கப்பலைத் தங்கள் கப்பலாக அவர்கள் நினைத்ததன் வெளிப்பாடு அது. ஒரு பெரிய குரூஸ் கப்பலுக்கு இத்தகைய வரவேற்பு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

தமிழ் வாசகர் அறிய வேண்டிய இன்னொரு கரைப்பார்வையும் இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஈழத்தமிழர் பலர் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வார்டோ, போட்ஸ்ஃபியோர்டு, ஹொன்னிங்ஸ்வோக் எல்லாம் கரையோரக் கப்பல் தொட்டுச் செல்லும் துறைகள். தளத்தில் நிற்பவர் வடக்கொளியைத் தேடும் அதே மாலைகளில், கரையின் ஆலைகளுக்குள் குளிர்ந்த நீரில் காட் மீனைக் கூறுபோட்டுக்கொண்டிருந்த கைகளில் யாழ்ப்பாணத்துக் கைகளும் இருந்தன. சுற்றுலா பற்றிய கணக்கெடுப்புகளில் இந்த உழைப்பாளிகளின் கருத்து அரிதாகவே கேட்கப்பட்டது. ஊரில் பள்ளியும் மருத்துவமனையும் கடையும் நிலைப்பதற்கு மீன் முக்கியமா, பயணி முக்கியமா என்று அவர்களைக் கேட்டிருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கக்கூடும்.

இன்னும் முடிவாகாதவை

அழகியல் வாதம் பயணியின் மகிழ்ச்சியை விளக்குகிறது, ஊரின் நிலையை விளக்கவில்லை. பண வாதத்தில் குரூஸ் தரப்பின் கூற்றுகள் மிகைப்பட்டவை என்றே கிடைக்கும் சான்றுகள் சுட்டுகின்றன. எனினும் ஊருக்கு ஊர் விளைவு வேறுபடும். ஃப்ளோமுக்குப் பொருந்துவது பெர்கனுக்குப் பொருந்தாது. புகை வாதம் சட்டமாகியிருக்கிறது, ஆனால் ஃபியோர்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. 2025இல் நாடாளுமன்றம், சுற்றுலா நெருக்கடி மிகுந்த உள்ளாட்சிகள் பார்வையாளரிடம் கட்டணம் வாங்க வழிசெய்தது. அந்தப் பணம் கழிப்பறைக்கும் நடைபாதைக்கும் போனால் ஊர் மக்களின் மனம் மாறுமா என்பது தெரிய இன்னும் சில பருவங்களாவது ஆகும்.

எரிபொருளைவிடக் கப்பலின் அளவும், அது துறையில் நிற்கும் நேரமும், அதற்குக் கரையில் சொந்த வேலை உண்டா என்பதும் முதலில் கேட்கப்பட வேண்டியவை என்றே இந்தப் பரிசீலனை கருதவைக்கிறது. தூய்மையான எரிபொருளில் ஓடும் மிதக்கும் நகரமும் மாலையானால் ஊரின் இரவை எடுத்துக்கொண்டு போய்விடும். இக்கரைக்கு வர எண்ணும் தம்பதியர் பயணச்சீட்டு வாங்குமுன் இந்த மூன்றையும் விசாரிக்கலாம். இயன்றால் நடுவில் ஏதேனும் ஒரு துறையில் இறங்கி, இரண்டு இரவு அந்த ஊரில் தங்கி, அடுத்த கப்பலில் தொடரலாம். கரையோரச் சேவை நாள்தோறும் வருவதால் அதற்கு வாய்ப்பிருக்கிறது.

அந்தச் சேவையே இதேபோல் நீடிக்குமா என்பதுதான் மிகப் பெரிய திறந்த கேள்வி. இப்போதைய அரசு ஒப்பந்தம் 2030 வரைக்குமானது. உள்ளூர்ப் பயணிக்கும் சரக்குக்கும் எத்தனை இடம், வெளிநாட்டு விருந்தினருக்கு எத்தனை இடம் என்பதை அடுத்த ஒப்பந்தம்தான் எழுத வேண்டும்.